மூன்று ஏ

வெஸ்ட் கோஸ்ட் பக்கம்,
ஜப்பானியப் பள்ளிப் பேருந்து வளைந்து திரும்பும் சாலையில்
ஏழு புது வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன.
குழாயைத் திறந்தால்
முதலில் இருமல், அப்புறம்தான் தண்ணீர்.

ஒன்று, இரண்டு, மூன்று,
மூன்று ஏ,
ஐந்து.

நாலைக் காணோம்.
"ஜப்பான் மொழியில் நாலும் சாவும் ஒரே ஓசை,
சீனத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.
யார் வாங்குவார், மணிமொழி?" என்றார்
கட்டியவர்களின் மேலாளர் திரு இங்.
பித்தளை எண்ணைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.
இரண்டு வாரமாகக் கைப்பையில் கிடக்கிறது
சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு.

நான் என்ன சொல்ல?
எனக்கு நாலு என்றால் ஊர் உலகம்.
நாலு எழுத்து, நாலு காசு,
நாலு பேர் என்ன நினைப்பார்கள்.
கடைசியில் தூக்கிப்போகவும் அதே நாலு பேர்தான்,
அது உண்மை.
ஆனாலும் புக்கிட் பாத்தோக்கில்
நாலாம் மாடியில், நாலறை வீட்டில்
பதினாறு வருடமாக இருக்கிறேன்,
இன்னும் சாகவில்லை.

இந்த ஞாயிறு, மழையோடு வந்தார்கள்
ஹொசோகாவா குடும்பத்தார்.
நிரந்தரவாசிகள். தரைவீடு வாங்க அனுமதிக் கடிதம்
பிளாஸ்டிக் உறையில், நனையாமல்.
மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்: "இராஷ்ஷைமாசே!"
"அது கடையில் சொல்வது" என்று சிரித்தார் திருமதி.
இதுவும் கடைதானே என்றேன்.

வாசலுக்குள் ஒரு சாண் பள்ளமாக விட்ட இடம்,
காலணி கழற்ற.
விளம்பரத்தில் அதற்கே ஒரு பத்தி.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது,
வெளியே விட்டுட்டு வா, அவ்வளவுதான்.

அவர் எண்ணைப் பார்க்கவேயில்லை.
டேப்பை இழுத்துப் பால்கனியை அளந்தார்.
மெத்தை காயப்போட வெயில் எத்தனை மணிவரை?
கணவர் விரல்முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய்
ஓரிடத்தில் நின்றார்.
அங்கே மட்டும் பொள்ளலாக ஒலித்தது.
குறித்துக்கொண்டேன்.

சிறுவன் இத்சுகி
ஈரக் காலுறையோடு படியேறினான், எண்ணியபடி:
இச்சி, நி, சான், யோன் -

யோனா? ஷி இல்லையா?

"அதற்கு இரண்டு பெயர்" என்றார் அம்மா.
"எண்ணும்போது இது.
படியைத் தாண்டிக் குதிக்கவா முடியும்?"

விலை கேட்டார்கள்.
மூன்று புள்ளி எட்டு மில்லியன் வெள்ளி.
என் வாய்க்கு அது பழகிவிட்டது, காதுக்கு இன்னும் இல்லை.
குனிந்து வணங்கி, "யோசிக்கிறோம்" என்றார்கள்.
எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு நாலு அர்த்தம்,
மூன்று, வேண்டாம் என்பது.

மழை விட்டிருந்தது.
துணியை எடுத்தேன், துடைக்கவில்லை.
சாம்பல் நிறப் படிகளில் சின்னக் கால் தடங்கள்
விரல் பக்கமிருந்து உலர்ந்துகொண்டிருந்தன.
எல்லாம் மேலே போனவை.
இறங்கும்போது அப்பா தூக்கிக்கொண்டார்.

வெளிச்சுவரில் திருகாணித் துளைகள் இரண்டும் அப்படியே.
பையிலிருந்து எடுத்து
வைத்துப் பார்த்தேன்.

கேட் சத்தம்.
நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள்
பத்து நிமிடம் முன்னதாகவே.