மூன்று கிராம்

இடவப்பாதி மழை தக்கலையில் இறங்கும் வாரம்தான்
ஃபீஸ் சீட்டும் இறங்கும்.
இந்த வருடம் இளஞ்சிவப்புத் தாள்.
ஹனூனாவுக்கு ஒன்று, சுமையாவுக்கு ஒன்று,
இன்னும் வாயில் விரல் வைத்துத் தூங்கும் ராஹிலுக்கும்
பெரிய மனிதனைப்போல் முழுப்பெயரில் ஒன்று.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
மேட்டுக்கடை முதல் குமாரகோவில் வரை
எந்த வீட்டில் எத்தனை ஏசி ஓடுகிறதென்று
கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன்.
என் வீட்டில் என்ன மிச்சமென்று
ஜுனைதாதான் சொல்ல வேண்டும்.
இருபதாம் தேதிக்குப் பிறகு
அவளிடம் ஒரே ரீடிங்தான்.

அரசுப் பள்ளி அரை கிலோமீட்டர்.
நான் படித்ததும் அங்கேதான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.
ஆனால் வாப்பா மவுத்தான அன்று
யாசீன் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு
எழுத்துக்கூட்டிக் கூட்டி நான் நின்றேன்,
பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.
அந்தக் காத்திருப்புக்குத்தான்
வருடம் ஒன்றரை லட்சம் கட்டுகிறேன்.

பள்ளிக்கூடத்து மீட்டரும் என் லைனில்தான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அலுவல் முறையாகவே உள்ளே போகலாம்.
"சாரே, யூனிட் எவ்வளவு?" என்பார் கணக்கர் மாஹீன்கண்ணு.
சொல்வேன்.
"பைசா எப்ப அடைப்பிய?" என்பார்.
குடையை விரிப்பேன்.

சலுகை உண்டு, ஜகாத் நிதியிலிருந்து.
அதற்கு ஒரு கோடு.
எண்பத்தைந்து கிராம் பொன் இருந்தால் கொடுப்பவன்,
இல்லாவிட்டால் வாங்கலாம்.
ஜுனைதாவுக்கு அவள் வீட்டார் போட்டது பதினோரு பவன்,
எண்பத்தெட்டு கிராம்.
கழுத்தில் கிடக்கும் நகைக்குக் கணக்கில்லை
என்பார்கள் ஷாபிகள்.
நாங்கள் ஹனபி.

ஆக ரமலான்தோறும்
நாற்பதில் ஒரு பங்கை எண்ணி எடுத்து
அதே பள்ளியின் ஏழைப் பிள்ளைகள் நிதியில் கட்டிவிட்டு
அதே கவுண்டரில் அடுத்த தவணைக்கு
அவகாசம் கேட்பேன்.
இரண்டு ரசீதும் ஒரே கையெழுத்து.
என் பணத்தில் படிக்கும் பிள்ளை
என் மகளின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கலாம்.
பரீட்சைக்கு முந்தின நாள்
எழுந்து நில்லென்று சொன்னது என் மகளைத்தான்.

வங்கி இருக்கிறது, நகைக்கடன் இருக்கிறது,
வட்டியும் இருக்கிறது.
வட்டி கூடாதென்று பாடம் நடத்துகிற பள்ளிக்கு
வட்டிக்கு வாங்கிக் கட்டுவதை
ஒரு ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தோம்.
விடிந்தபோது ஜுனைதாவின் இடது கை வெறுமையாக இருந்தது.
அரைப்பவன் கைச்செயின்.
"கொளுத்து இளகிக் கிடந்துது, எங்கயாச்சும் விழுந்திரும்" என்றாள்.
நான் கொளுத்தைப் பார்க்கவில்லை.

விற்ற பணம் ஹனூனாவின் ஒரு தவணைக்கு ஆனது,
வேனுக்குப் போதவில்லை.

பணம் எண்ணியபடியே மாஹீன்கண்ணு கேட்டார்,
இப்ப எத்தன பவன் நிக்கிது?
பத்தரை.
கால்குலேட்டரைத் தட்டினார்.
எண்பத்து நான்கு.
"அப்போ ஃபாரம் தரலாமே," சந்தோஷமாகத்தான் சொன்னார்,
லாட்டரி விழுந்தவனுக்குச் சொல்வதுபோல்.

அந்த ஃபாரம் என் பையில்
மீட்டர் அட்டைகளுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தது.
மழை நனைத்தது, காய்ந்தது,
ஓரம் அப்பளம்போல் வளைந்தது.
கை நீட்டியதில்லை நான்,
நீட்டிய கையின் மேல் வைத்துத்தான் பழக்கம்.
இது என் பெருமையா, மார்க்கமா
என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்கப்
பையைத் திறந்தவள் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சுமையாவின் பென்சிலை வாங்கி
அடுக்களை மேடையிலேயே எழுதத் தொடங்கினாள்.
தகப்பன் பெயர். வருமானம். பிள்ளைகள் மூன்று.
"உதவி கோரும் காரணம்" என்ற இடத்தில்
கொஞ்சம் நிறுத்தி,
மீன்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து எழுதினாள்:

ஒரு கிராம் குறைவு.