நகத்துண்டு

லாரி எஞ்சினுக்கென்று செய்த கவ்வி அது.
மான்சீயா சிரிக்காமல் இரவல் கொடுத்துவிட்டான்.
நெல்டாவின் ஹோண்டாவிலோ
கிணற்றுக்குள் கிணறு மாதிரி வால்வு.

தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்துப்
பக்கத்தில் ஜன்னல் வெட்டினாள்,
காந்தக் குச்சி நுழையுமளவு.

திருகு. இன்னும் அரைச் சுற்று.
பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியது ஸ்பிரிங்.
புந்தா அரேனாஸ் காற்று தகரக் கதவை உலுக்க,
ஒரு பூட்டு காந்தத்தோடு வந்தது.
மற்றது
டிங்.

ஒன்பது மணிவரை தரையைத் துழாவினோம்.
பிளாஸ்டிக் பையால் மூடியிருக்கலாம் என்றேன்.
அவள் பார்த்த பார்வையில்
வாயைத்தான் மூட முடிந்தது.

படுக்கப்போகையில் என் கம்பளிச் சட்டை மடிப்பிலிருந்து
நகத்துண்டு போல ஒன்று விழுந்தது,
டிங்.
இப்போதே சொல்வதா, விடியட்டுமா என்று
யோசித்தபடி விளக்கைப் போட்டேன்.

அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.