பட் எண் நூற்றுப்பதினெட்டு

குண்டு போன விதத்தைத் தாள் சொல்லும்.
குழல் நன்றாயிருந்தால் ஓட்டை வட்டம்,
காது குத்தியதுபோலச் சுத்தம்.
இந்தத் தாளில் இருந்தவை
புளியங்கொட்டை நீளத்தில் நான்கு கிழிசல்.
ஐந்தாவது தாளுக்கே வரவில்லை.
குண்டு மூக்கால் நுழையவில்லை,
விலாவால் விழுந்திருக்கிறது.

அதை எடுத்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது
மூன்று வாரம் கழித்து.
அதற்குள் முடிவு ஒட்டியாகிவிட்டது:
ஒ. கார்த்தீஸ்வரி, செக்கானூரணி,
சுடுதலில் தேறவில்லை.

நாகமலை அடிவாரம். சித்திரை.
மண்மேட்டுக்கு மேலே காற்று கொதித்து நெளியும்,
குறிப்பலகை தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடும்.
காலை ஏழிலிருந்து நூற்றிருபது பெண்கள்,
பதினான்கு துப்பாக்கிகள்.
ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் படுப்பாள்,
துப்பாக்கி மட்டும் எழுவதே இல்லை.
பத்து மணிக்குக் குழலைத் தொட்டவள்
கையை உதறி வாயில் வைத்துக்கொள்வாள்.

எஸ்.ஐ. ஞானதிரவியம் அவள் தலைமாட்டில் நின்று
மூச்சு என்றார், தோள் என்றார்,
"விசையை அழுத்தச் சொன்னா வெண்டைக்கா ஒடிக்கிறே" என்றார்.
"சார், நான் வைக்கிற எடத்துக்கு அது போகல."
"அப்ப உங்கப்பன் ஒச்சு வைக்கிற எடத்துக்குப் போகுமா?"
வரிசை சிரித்தது.
குறி தவறியவளுக்கு வழக்கமான தண்டனை:
எல்லோரும் டீக்குப் போனபின்
அதே துப்பாக்கியை உட்கார்ந்து துடை.

கிடங்கின் விளக்கடியில் அதைப் பிரித்தேன்.
உள்ளே ஐந்து வரிகள், இடப்பக்கம் சுற்றி இறங்குபவை.
நெருப்பு முதலில் நக்கும் இடம்
கரிந்து வெடித்திருந்தது, வற்றிய கண்மாய்த் தரைபோல.
அது எதிர்பார்த்த கணக்குதான்.
ஏட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் தோட்டா;
அத்தனை தீயை விழுங்கினால் எந்தத் தொண்டை புண்ணாகாது?
ஆனால் தொண்டைப் புண் குறியைச் சிதறடிக்கும்,
குண்டை இப்படிக் குப்புறத் தள்ளாது.

வாய்ப்பக்கம் கேஜை விட்டேன்.
தடுக்கவேயில்லை. உள்ளே போய்ச் சாய்ந்து நின்றது.
கீழுதட்டில் ஒரு பள்ளம்,
சரியாகக் கயிற்றின் அகலம்.

தோட்டா செய்ததல்ல.
எண்ணெய்த் துணி கட்டிச் சாய்த்து இழுக்கும் கயிறு,
மைதானத்து மணல் ஒட்டிய கயிறு செய்தது.
எறும்பு ஊரவே கல் தேயுமாம்.
இங்கே இழுத்தது எறும்பு இல்லையே.
கடைசி அங்குலத்தில் வரிகள் மழுங்கி,
வாசல்வரை கூட்டிவந்த குண்டைப்
படியில் இடறவிடுகின்றன.

தவறினாள், துடைத்தாள். துடைத்ததால்
மறுநாள் இன்னும் தவறினாள்.
இருபத்தாறு சாயங்காலம்.

இழுக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.
பதினோரு வருடமாக, ஒவ்வொரு அணிக்கும்:
"காலை ஊன்றி இறுக்கி இழு.
உள்ள மூஞ்சி தெரியணும்."

எத்தனை சுட்டது என்பதற்கு ஏடு உண்டு.
எத்தனை துடைத்தோம் என்பதற்கு ஏது?

காரணம் என்ற கட்டத்தில்
'தேய்மானம்' என்று எழுதினேன்.
'பராமரிப்பினால்' என்று சேர்த்தேன், அடித்தேன்,
மறுபடி சேர்த்தேன்.

மறுதேர்வில் அவளுக்கு முப்பத்தொன்று கொடுத்தார்கள்.
ஐந்து வட்டம், ஒரு வெற்றிலைக்குள் அடங்கும்.
"இப்பத்தான் மூச்சு சரியாயிருக்கு" என்றார் ஞானதிரவியம்.
அவள் தாளை வெயிலுக்கு எதிரே தூக்கி
ஒவ்வோர் ஓட்டையாக உருவம் பார்த்தாள்.
எண்ணவில்லை.
ஒப்படைக்கும்போது என்னிடம் கேட்டாள்:
"இதையும் இழுக்கணுமா சார்?"

நூற்றுப்பதினெட்டு இப்போது
அணிவகுப்புக்கு மட்டும். தோட்டா கிடையாது.
போன ஜனவரியில் முன்வரிசையில் நின்றது.
பார்வையிட வந்த அதிகாரி அதன்முன் நின்று
குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து
"அடடா, யாரு துடைச்சது?" என்றார்.