ஒன்பதாவது கிலோமீட்டர்

கெலமங்கலத்திலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில் நிற்கும்.
எட்டில் இல்லை, பத்தில் இல்லை.
முதலில் ஒரு திக்கல்,
அப்புறம் தொண்டையில் முள் மாட்டியதுபோல் இரண்டு இருமல்,
அப்புறம் சத்தமே இல்லை.
ராயக்கோட்டை மலை மட்டும்
இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக நின்று
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பின்னால் இரண்டு மூட்டை செண்டுமல்லி.
மண்டியில் நாலரைக்கு ஏலம்.
ஐந்தேகாலுக்குப் போய் நின்றால்
அதே பூ, கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கம்மி.

வண்டி சுசுகி மேக்ஸ். நம்பர் டி.என். இருபத்தொன்பது.
மாவட்டத்தைப் பிரித்தவர்கள்
இதைப் பிரிக்காமல் தருமபுரியிலேயே விட்டுவிட்டார்கள்.
பிரிக்கிற வேலை எனக்கு வந்தது.

முதல் நாள் பிளக்கைக் கழற்றினேன்.
முனை வெளுத்திருந்தது, காலையில் பார்க்கும் அடுப்புச் சாம்பல் மாதிரி.
வெளுத்தால் பெட்ரோல் பட்டினி,
கறுத்தால் பெட்ரோல் அஜீரணம்.
சோக்கை இழுத்தால் இன்னும் அரை ஃபர்லாங் ஓடுகிறது.
ஆக, பட்டினிதான்.

மறுநாள் கார்ப்பரேட்டரை இறக்கித்
தாம்பாளத்தில் வைத்துப் பிரித்தேன்,
ஒரு ஸ்பிரிங்கும் கட்டிலுக்கடியில் ஓடிவிடக் கூடாதென்று.
கிண்ணத்தின் அடியில் காவி வண்டல், டேங்கின் துரு.
பைலட் ஜெட்டை பல்புக்கு நேராகப் பிடித்தேன்:
ஊசி நுழையாத அந்தத் துளையில்
துளி வெளிச்சம் இல்லை.
ஒயரை உரித்து ஒற்றைச் செப்பிழையை விட்டுக் குத்தி
வாய் வைத்து ஊதினேன்.
அன்றைய காப்பி பெட்ரோல். மறுநாள் ரசமும் பெட்ரோல்.

மிதவையைக் காதோரம் ஆட்டினேன், உள்ளே தளும்பவில்லை.
காற்றுத் திருகை முழுக்க இறுக்கி
ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.
வாசலில் நிற்கும்போது
தூங்கும் பூனையின் சத்தம்.
அத்தனை சுத்தம்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் நின்றது.

ஓசூரில் நைட் ஷிப்டில் இருந்த முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.
வித்துத் தொலை என்றார்.
எதற்கும் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.
கடை வைத்திருக்கும் திம்மராஜ்
மெயின் ஜெட் என்றான், பிறகு கிராங்க் சீல் என்றான்,
பிறகு, அக்கா, பேசாம ஒரு எக்ஸ்எல் வாங்கிடுங்க என்றான்.
டேங்க் நிரப்பிய அன்று ஏழாவது கிலோமீட்டரிலேயே நின்றதால்
பங்க்காரன் மேல் சந்தேகம்.
பாட்டிலில் பிடித்து இரவெல்லாம் ஜன்னலில் வைத்தேன்.
தண்ணீர் பிரியவில்லை.
குழாயைக் கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தேன்.
தாரை, கம்பி மாதிரி.
டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.
அது ஒரு விஷயமாக அப்போது தெரியவில்லை.

பதினோராம் நாள் பனி குறைவு, காதில் மப்ளர் இல்லை.
வழக்கமான இடத்தில் நின்றதும்
பெட்ரோல் கிடக்கிறதா என்று மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்.

பாம்பென்று காலைத் தூக்கிவிட்டேன்.
டேங்க் இழுத்த மூச்சு அது.
ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

பத்து நாளும் அந்த இடத்தில்
பிளக்கைத் துடைத்தேன், ஜெட்டை ஊதினேன்,
கடைசியில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வண்டியைக் கிளப்பியது அந்தக் கடைசிப் பார்வை.
பேர் வாங்கியது பிளக்.

மூடி நடுவில் கடுகளவு ஒரு கண் உண்டு.
பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று அதன் வழியாகத்தான் ஏறும்.
அதன்மேல் எம்-சீல், சாம்பல் நிறத்தில், கல்லாக.
அதில் ஒரு கட்டைவிரல் ரேகை.

யார் என்று பல்லைக் கடித்தேன்.
திம்மராஜ். முனிரத்தினம். டேங்குக்குப் பெயின்ட் அடித்த பையன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
என் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழைத்தண்ணி இறங்கி நின்றபோது
நானே அடைத்தது.
அடைத்துவிட்டுத் தெருவில் ரெண்டு சுற்று ஓட்டியும் காட்டினேன்.
அதற்கப்புறம் பூ வரும்வரை
ரேஷன் கடையைத் தாண்டி வண்டி போகவில்லை.

கொண்டை ஊசியால் குடைந்தேன். பொடிப் பொடியாக வந்தது.
நாலு இருபதுக்கு மண்டி. ஏலக்காரரே இன்னும் வரவில்லை.

திம்மராஜ் கேட்டால்
கார்ப்பரேட்டர் என்றுதான் சொல்லப்போகிறேன்.