கண்டெடுத்த பொருள்

அட்டை எழுதுவது என் வேலை.
பெயர், ஆண்டு, உயரம், எடை,
எதனால் ஆனது.
சுவரில் ஒட்டினால் உள்ளங்கை அளவு.
கிட்வே நகரத்துப் பழைய ரயில்வே கிடங்கில்
அந்த நவம்பர் மழைக்குள்
பதினேழு சிற்பங்கள், பதினேழு அட்டைகள்.

வெண்கலத்துக்கு எழுதுவது சுலபம்.
மூடிய சுரங்கத்தின் பம்புகளில் கழற்றிய
தாங்கி வளையங்களை உருக்கி வார்த்த
ஒரு ஜோடி பூட்ஸ்.
உள்ளே கால் இல்லை.
கணுக்காலில் பூத்திருந்த களிம்பு
அமிலம் தடவி வரவழைத்தது;
ஆறு வாரத்தில் அறுபது வயது.
வந்தவர்கள் எல்லாரும் குனிந்து
உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.
யாரோ ஒரு பியர் மூடியைப் போட்டுவிட்டுப் போனார்.
எடுக்கவா வேண்டாமா என்று
இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

லுஷோமோவின் பெண்தான் என்னைப் படுத்தினாள்.
ஒருக்களித்துத் தூங்கும் செம்புக் கம்பி உடல்,
ஒரு கை தலைக்குக் கீழே.
ஆறடி. நாற்பத்தொரு கிலோ.
கம்பி ஏது என்று கேட்டேன்.
பழைய சாமான் கடை, எடைக்கு எடை, என்றாள் லுஷோமோ,
கையில் வெட்டுக்காயங்கள், பிளாஸ்திரிகள்.
நான் எழுதினேன்:
செம்பு. கண்டெடுத்த பொருள்.

திறப்பு விழாவுக்கு முந்தின மாலை
விளக்குகள் போயின.
மின்வாரியத்திலிருந்து கபெம்ப்வா வந்தார்,
ஏணி, இடுப்புப் பை, சேறு.
வெண்கல பூட்ஸை டார்ச் அடித்துப் பார்த்து
'எட்டாம் நம்பர்' என்றார்.
ஃப்யூஸ் மாற்றினார்.
வந்த வெளிச்சத்தில்
அவள் முழங்கையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு கம்பிகள் சேரும் முறுக்கு அது.
மூட்டுப் போல இருக்கிறதே என்று
லுஷோமோ அதைக் கை மடங்கும் இடத்தில் வைத்திருந்தாள்.
'இது நான் போட்டது,' என்றார்.
'மற்றவர்கள் ஐந்து சுற்றோடு விடுவார்கள். நான் ஏழு.
சுற்றும் திசையைப் பாருங்கள்,
நான் இடக்கைக்காரன்.'

சிம்வெம்வேயில், போன வருடம்,
ஒரே ராத்திரியில் முந்நூறு மீட்டர்.
நாற்பது வீடு ஒன்பது நாள் இருட்டில்.
குளிர்பெட்டி மீனெல்லாம் தெருவுக்கு வந்தது.
சலூன் இயந்திரம் நடுவில் நின்றுபோக
ஒரு பையன் பாதி மழித்த தலையோடு
பள்ளிக்கூடம் போய்வந்தான்.
அறுத்தவன் கம்பி நீட்டிவிட்டான்.
நீட்டிய கம்பி
இதோ முழங்கால் மடக்கிப் படுத்திருக்கிறது.
கம்பி எண்ண வேண்டியவர் யார் யார் என்று
எண்ண ஆரம்பித்தால்
கடைக்காரர், லுஷோமோ, அட்டை எழுதிய நான்.

அவர் அட்டையைச் சத்தமாக வாசித்தார்.
'கண்டெடுத்ததா?
நாங்கள் தொலைத்தே போடவில்லையே.'

போலீஸ், மேலதிகாரி, பதினாறாகிவிடும் பதினேழு
என்று என் மனம் ஓட,
அவர் பையிலிருந்து மீட்டரை எடுத்தார்.
ஒரு முனையைக் குதிகாலில் வைத்தார்,
மற்றதை உச்சந்தலையில்.

கீச்.

சின்னச் சத்தம்தான்.
கூரையில் மழை அடித்தும் கேட்டது.
'எங்கேயும் அறுபடவில்லை,' என்றார்.
'இப்போது கொடுத்தாலும் ஓடும்.'
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
குறடு எடுத்து, முழங்கையில் துருத்திய நுனியை
உள்ளே மடித்துவிட்டார்.
பிள்ளைகள் தொடுவார்களாம்.
வேலைச் சீட்டில் என் கையெழுத்து வாங்கினார்:
ஃப்யூஸ், ஒன்று.

அன்றிரவு மூன்று அட்டை எழுதினேன்.
லுஷோமோ மூன்றையும் வாசித்தாள்,
ஒன்றும் பேசாமல்
மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
வெளியே போய் மழையில் நின்றாள்.
மறுநாள் விழாவில் அவளுக்கு மட்டும் அட்டை இல்லை.
கேட்டவர்களிடம் செம்பு என்றேன்.
அதுவரைக்கும் உண்மை.

எல்லாரும் போன பிறகு
முழங்கையில் விரல் வைத்துச் சுற்றிப் பார்த்தேன்.
ஏழுதான்.
ஏழாவது மட்டும் கொஞ்சம் தளர்வு.