பெருக்கல்

மௌமீ ஆற்றங்கரை மருத்துவமனையில் அப்போதெல்லாம்
ஒரே இரத்தத்துக்கு இரண்டு விடை அச்சடிப்பார்கள்.
கறுப்பரானால் கீழ் வரி.
மற்றவரானால் மேல் வரி.

அப்பாவுக்கு மேலே பதினெட்டு, கீழே இருபத்தொன்று.
அலோன்ஸோ டீக், டொலீடோ நகரப் பேருந்தில்
இருபத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.
மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் நிற்க
எண் இருபதைத் தாண்டக் கூடாது.
இன்னும் கொஞ்சம் கெட்ட பிறகு வாருங்கள் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
"நல்ல செய்தி மிஸ்டர் டீக்,
நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது" என்றார்கள்.
நன்றி சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார்.
கணுக்கால் வீங்கி, ஷூ நாடாவைக் கட்டாமல் நடந்தார்.

எதனால் பெருக்குகிறீர்கள் என்று கேட்டேன்.
ஒன்று புள்ளி ஒன்று ஆறால், என்றார் இளம் டாக்டர்.
நான் கேட்டது காரணம்.
அவர் சொன்னது எண்.
மறுபடி கேட்டதும் அவருக்குக் கழுத்து சிவந்தது.
உங்கள் ஆட்களுக்குத் தசை அதிகம்,
ஏதோ ஓர் ஆய்வில்,
எப்போதோ, எத்தனையோ பேரில்...
அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார்.
கோட்டு மாட்டும் கம்பிபோல் ஒரு கை.
"எங்கே டாக்டர்,
அந்த அதிகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்."

அதே மாதம் எனக்கும் சோதனை.
என் அம்மா ஹலீனா போலிஷ்காரி.
பள்ளிக்கூடம் பெருக்குகிற வேலை.
அவள் பெருக்கினால் தரை சுத்தமாகும், அவ்வளவுதான்.
பதிவு மேசைப் பெண் போன முறை
என் தலைமுடியைப் பார்த்து ஒரு கட்டத்தில் டிக் போட்டாள்.
இந்த முறை பனிக்குல்லாய் போட்டிருந்தேன், வேறு கட்டம்.
தாளில் இரண்டு வரி. எதை நான் படிப்பது?
இருக்கட்டும், சிறுநீரகமும் இரண்டுதானே,
ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்ளட்டும்.

தம்பி வென்டெல்
அப்பாவின் எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பி
பிறந்தநாளுக்கு ஒரு வரைபடம் வாங்கி வந்தான்.
நைஜீரியா, பெனின், காங்கோ,
அப்புறம் வெளிர்பச்சையில் ஸ்காட்லாந்து, பதினேழு விழுக்காடு.
எப்படி என்று மேசையில் யாரும் கேட்கவில்லை.
மிஸிஸிப்பிப் பருத்திக் காட்டுக்கு அது தெரியும்.
கல்யாணப் பதிவேட்டுக்குத் தெரியாது.
அப்பா சோளரொட்டியைப் பிட்டார்.
"அப்படியானால் அந்தப் பதினேழை மட்டும்
பெருக்காமல் விடச் சொல்லுங்களேன்."
நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

வாரம் மூன்று நாள், நாலு மணிநேரம்.
ஜன்னலோர நாற்காலி அவருக்கென்றே ஆகிவிட்டது.
அங்கிருக்கும் பதினோரு நாற்காலிகளில்
எத்தனை பேர் கீழ் வரிக்காரர்கள் என்று
எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

பிறகு சூத்திரத்தை மாற்றினார்கள். கடிதம் வந்தது.
கணக்கு திருத்தப்பட்டது, தங்கள் காத்திருப்பில்
மூன்று வருஷம் இரண்டு மாதம் சேர்க்கப்படுகிறது.
ஊசி இல்லாத கையில் பிடித்துப் படித்தார்.
"எந்த மூன்று வருஷம்?" என்றார்.
"ஈரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போகாமல் விட்டேனே, அதுவா?
வென்டெல் கல்யாணத்தில் உட்கார்ந்தே இருந்தேனே, அதுவுமா?"
கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.
அழைத்தால் இசை கேட்டது, வெகுநேரம்.

இன்றுவரை வரிசையில்தான் இருக்கிறார்.
அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால்
அன்றன்றைக்குக் குடித்ததை அதில் எழுதுகிறார்:
காப்பி நூற்றைம்பது.
மாத்திரைக்குத் தண்ணீர் அறுபது.
பனிக்கட்டி ஒன்று, இருபது என்று வைத்துக்கொள்.
சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விரல் விட்டுக் கூட்டுகிறார்.
இன்னும் அரை டம்ளருக்கு இடமிருக்கிறது என்கிறார்.