ஏழு நிமிடம் முந்திய கடிகாரம்

முதல் நாள் எங்கள் நால்வருக்கும்
ஒரு பொம்மை தந்தார்கள்.
இடுப்பிலிருந்து தொடை வரைக்கும்தான் அவள்.
முகமில்லையே என்று ஜொஹரா பெயர் வைத்தாள்:
செக்காலை ராணி.

ராணி கத்துவதில்லை.
எத்தனை முறை பெற்றாலும்
பின்னந்தலையில் தையல் விட்டுப்
பஞ்சு தெரியும் அதே பிள்ளை.
துடை, வயிற்றில் போடு, போர்த்து,
கொடியின் துடிப்பு நிற்கட்டும்,
கவ்வி, கத்தரி.
மறுபடி உள்ளே தள்ளு.
ஒரே நாளில் பதினேழு பிரசவம்,
சாப்பாட்டுக்கு முன் ஒன்பது, பின் எட்டு.

சிவப்புச் சாயத்தைத் துணியில் ஊற்றி
எவ்வளவு என்றார்கள்.
இருநூறு என்றேன்.
ஐந்நூறாம்.
துணி குடித்துவிட்டுக் குறைத்துத்தான் சொல்லும்
என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கண் போகாத இடத்தில்
இரண்டு விரல் விரிகிற அகலமே சென்டிமீட்டர்.
அதன் பிறகு கைக்குச் சிக்கியதெல்லாம் வட்டம்.
பேனா மூடி ஒன்று.
கோலி சோடா வாய் இரண்டு.
விடுதிச் சமையலறையில் பணியாரக் குழி ஐந்து,
ஓரம் தேய்ந்ததற்கு ஐந்தரை.
அருள்செல்வியின் வளையல் ஆறு.
தேவகோட்டை பஸ்ஸில்
கைப்பிடி வளையத்துக்குள் விரலை விட்டுக்
கண்ணை மூடி நின்றேன்.
கண்டக்டர் டிக்கெட் கேட்கவே யோசித்தார்.
பத்துக்குக் கடைசியில் ஒரு கொட்டாங்கச்சி அகப்பட்டது.

பிள்ளை வந்ததும் முதலில் நேரத்தைச் சொல்,
சத்தமாக,
ஆணா பெண்ணா அப்புறம்.
இதை மட்டும் நாலு பேர் நாலு முறை சொன்னார்கள்.

பிரசவ அறைக் கடிகாரம்
ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
திருத்த ஏணி வேண்டும்,
ஏணிக்குக் கடிதம் வேண்டும்.
எல்லோரும் மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள்.
கூட்டமான இரவுகளில் மறந்துபோவார்கள்.
காரைக்குடியில் எத்தனை பேர்
பதிவேட்டில் ஏழு நிமிடம் இளையவர்களாகத் திரிகிறார்களோ.

மூன்றாவது வாரம், ராத்திரி.
பாண்டிமீனா, புதுவயல் அரிசி ஆலையிலிருந்து.
வலி கண்டதும் நேரே ஏற்றிவந்திருக்கிறார்கள்,
தலைமுடியில் இன்னும் தவிடு.
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
"அக்கா, முடியலக்கா" என்கிறாள்.
அக்கா யாரென்று
ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

விரலில் கொட்டாங்கச்சி தட்டுப்பட்டது.
அதற்கப்புறம் நோட்டில் எழுதாதவை:
தரை வழுக்கும்.
அவள் பிடித்த பிடியில்
என் கைக்கடிகாரத்தின் வார் அறுந்து
கட்டிலுக்கடியில் போய் விழும்.
தலை வெளியே வந்து
நம்மைப் பார்ப்பதுபோல் ஒருபக்கம் திரும்பும்.

வந்தது.
அழவில்லை.
ராணியின் பிள்ளையும் அழாதுதான்,
ஆனால் இது கனத்தது, சூடாயிருந்தது.
துடைத்தேன். ஈரத்துணியை உதறிவிட்டு
வேறு துணி.
முதுகைத் தேய்த்தேன், மேலும் கீழும்.
அடுத்த மேஜையில் தையல் போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர்
திரும்பாமலே "நேரம்?" என்றார்.
காற்றுப்பைக்குக் கை நீட்டினேன்.
முகமூடி மூக்கைத் தொடுமுன்
பிள்ளை என்னைத் திட்டத் தொடங்கியது.

"நேரம்?"

சுவரில் மூன்று நாற்பத்தொன்பது.
ஏழு போனால் நாற்பத்திரண்டு.
நான் பார்க்காமலிருந்த நேரத்தை
எவ்வளவென்று கழிப்பது?
கழுவின கையிலிருந்து
பதிவேட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

வெளியே அவள் புருஷன், மூட்டை தூக்குகிற தோள்,
செல்போனைக் குறிப்பெழுதத் திறந்து வைத்திருந்தார்.
"சிஸ்டர், கரெக்டா சொல்லுங்க.
ஜாதகம் எழுதணும்."
சிஸ்டர் என்று என்னை அழைத்த முதல் ஆள்.
"மூணு நாப்பத்தொண்ணு.
ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்."
"முன்னயா, பின்னயா?"
"பொண்ணு. ரெண்டு எண்ணூறு.
அம்மா நல்லா இருக்காங்க."
அவர் தலையாட்டிக்கொண்டே
எல்லாவற்றையும் தட்டச்சினார்.

காலையில் மறுபடி பயிற்சிக்கூடம்.
ராணியின் பிள்ளையை எடுத்துத்
துடைத்து, போர்த்தி,
நிமிர்ந்து சுவரைப் பார்த்து
உரக்க நேரம் சொன்னேன்.
ஜொஹரா சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்,
அந்தச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.